சாவா மூவா ஆடுகளும் ஒரு கைமாற்று நோட்டும்

(டிசம்பர் கடைசி வாரத்தில் கும்பகோணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை வைத்தவர் இன்று இந்த மண்டபத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். தம் பெயர் அழைப்பிதழிலோ மேடைப் பதாகையிலோ வரக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறாராம். ஆண்டு நிறைவில் நன்றியைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் அவர்தான். நன்றியைப் பற்றிப் பேசு, எனக்கு மட்டும் சொல்லிவிடாதே என்கிறார். இப்படி ஒரு சிக்கலில் மாட்டிவிட்டதற்காகவாவது அவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். அதை வெளியில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

என் அப்பா இந்த ஊரில் ஒரு வெற்றிலை மண்டியில் கணக்குப்பிள்ளை. மண்டிக்கு எழுதிய சிட்டையும் பேரேடும் மண்டியிலேயே இருக்கும். வீட்டில் அவருக்கென்று ஒரு நோட்டு தனியாக இருந்தது. நீளவாக்கில் மடித்து, நடுவில் சணலால் தைத்தது. அவசரத்துக்கு யார் யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினார் என்று அதில் எழுதியிருப்பார். மார்கழி முடிகிற சமயத்தில், போகிக்கு முதல் நாள் ராத்திரி அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். திருப்பிக் கொடுத்துத் தீர்த்த தொகையின் மேல் குறுக்கே ஒரு கோடு போடுவார். தொகையை அடிப்பாரே ஒழிய, பேரை அடிக்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரூபாதானேடா திரும்பிப் போச்சு" என்றார்.

விடிந்தால் போகி. பழைய பாய், பிய்ந்த முறம், தேய்ந்த விளக்குமாறு எல்லாம் தெருவில் எரியும். அந்த நோட்டு மட்டும் மறுபடி பரணுக்குப் போய்விடும்.

ஆண்டு நிறைவு என்கிறோம். எந்த ஆண்டு? நமக்கு ஒரு வருஷம் நாலைந்து இடத்தில் முடிகிறது. டிசம்பர் 31 நாள்காட்டிக்கு. மார்ச் 31 வருமான வரிக்கும் வங்கிக்கும். ஆண்டுத் தேர்வு முடிகிற நாள் பிள்ளைகளுக்கு. பங்குனிக் கடைசி பஞ்சாங்கத்துக்கு. மார்கழிக் கடைசி வயலுக்கு. தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள் என்று 2008-இல் சட்டம் போட்டோம், 2011-இல் அந்தச் சட்டத்தை எடுத்தோம். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வருஷம் எங்கே முடிந்தால் என்ன, முடிகிற இடத்தில் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை கணக்குப் பார்ப்பது. செட்டிநாட்டுக் கணக்கில் அதற்கு ஐந்தொகை என்று அழகான பெயர். நன்றியையும் அந்த வேலைகளில் ஒன்றாகத்தான் நான் பார்க்கிறேன். அது மனசு நெகிழ்கிற சமாசாரம் என்று சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டோம். கண்ணில் நீர் வருவது எளிது. யாரிடம் வாங்கினோம், எவ்வளவு, அவர் அதை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று பார்ப்பதுதான் கஷ்டம். அதிலும் மூன்றாவது கேள்வி இருக்கிறதே, அதை யாரும் கேட்பதே இல்லை. இன்றைய என் பேச்சு அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

அறக்கட்டளை என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் தஞ்சைப் பெரிய கோவில். அங்கேயும் சோழநாட்டின் மற்றக் கோவில்களிலும் நந்தா விளக்குக்கு நிவந்தம் வைத்த கல்வெட்டுகள் ஏராளம். பெரிய கோவில் கணக்குப்படி ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோவிலுக்கு வந்து சேர வேண்டும். நாலு உழக்கு ஒரு நாழி. 365 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 91 நாழியும் ஓர் உழக்கும். ஒரே ஒரு விளக்கு ஒரு வருஷம் குடிக்கிற நெய் இது.

இப்படிக் கொடுத்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் ஒரு பெயர் வைத்திருக்கின்றன. சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடுகள். முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாகாத ஆடு எங்கே இருக்கிறது? பிறகுதான் புரிந்தது, அது ஆட்டைப் பற்றிய செய்தியே இல்லை என்று. ஆடு சாகும், குட்டி போடும். செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, தொண்ணூற்றாறு என்ற எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் ஆடு சாகாது. அப்படிச் சாகாமல் பார்த்துக்கொள்வது யார்? இடையர். நோய் வந்தாலும் புல் காய்ந்தாலும் நரி தூக்கிப் போனாலும் நெய் அளக்க வேண்டியவர் அவர். அவருக்குப் பின் அவர் பிள்ளை. உபரிக் குட்டியும் பாலும் அவருக்கு என்பது உண்மைதான், இலவச ஊழியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் அதைக் கொடுத்த பிரபுவை வாழ்த்தியிருப்பார்கள். தினமும் காலையில் நெய்ப் பானையோடு வந்து நின்றவரை எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

பெரிய கோவில் கல்வெட்டு திரும்பிப் பார்த்திருக்கிறது. எந்தெந்த இடையரிடம் கால்நடை ஒப்படைக்கப்பட்டது, அவருக்குப் பொறுப்பேற்ற உறவினர் யார் யார் என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். நெய் வராவிட்டால் பிடிப்பதற்கான ஏற்பாடுதான் அது என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். எந்த நோக்கத்தில் எழுதினாலும் பெயர் பெயர்தான். ஆயிரம் வருஷம் நின்றுவிட்டது.

அந்தக் கோவிலில் இன்னொரு தேதிக் கணக்கு உண்டு. தம்முடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்கு வைக்கச் செப்புக் குடம் கொடுக்கிறார் ராஜராஜன். பிறகு 26-ஆம் ஆண்டின் 20-ஆம் நாள், அரண்மனைத் திருமஞ்சன சாலையில் இருக்கும்போது ஓர் ஆணை இடுகிறார். தாம் கொடுத்தது, தமக்கை கொடுத்தது, தம் பெண்டுகள் கொடுத்தது, மற்றக் கொடுத்தவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டுங்கள் என்று. இரண்டு நாளுக்கும் இடையில் ஏறக்குறைய 110 நாள். பழைய ஆண்டு முடிந்து புது ஆண்டு பிறந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை. எங்கள் மண்டியில் இதற்குப் பெயர் புதுக்கணக்கு போடுவது. ராஜாவுக்கும் அந்த வழக்கம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

'மற்றக் கொடுத்தவர்கள்' என்று ஒரு சொல்லில் அடக்கியதோடு விடவில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருவர் பெயர், எந்தக் கோவிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கு, எல்லாம் இருக்கிறது. குடை பிடித்தவர், விளக்கு ஏற்றியவர், நீர் தெளித்தவர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் எல்லாருக்கும் கல்லில் இடம் உண்டு. பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது. அந்த நானூறு பெண்களை ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவந்தார்களே, வருகிறாயா என்று யாராவது கேட்டார்களா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. கல்லில் அதற்கு விடை கிடையாது. ஆனாலும் ஒரு மாபெரும் வேலை முடிந்ததும் தையற்காரர் வரைக்கும் பெயர் எழுதிய அரசாங்கம் ஒன்று இந்த ஜில்லாவில் இருந்தது. நம் காலத்துத் திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பாருங்கள். அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், ஆட்சியர், கீழே பொடி எழுத்தில் ஒப்பந்தக்காரர். கொத்தனாரைத் தேடிப் பாருங்கள்.

இந்த ஊருக்கு வந்து நன்றியைப் பற்றிப் பேசிவிட்டு உ.வே.சாமிநாதையரைச் சொல்லாமல் போனால் காவிரி மன்னிக்காது. 1880-இல் இங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலம் கெட்டு ஓய்வு பெறுகிறார். தம் இடத்துக்குத் திருவாவடுதுறையில் இருந்த இருபத்தைந்து வயது இளைஞரைக் கொண்டுவர அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த வேலை இல்லாவிட்டால் அதே ஆண்டு அக்டோபர் 21-இல், தம்மைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் பார்த்திருக்க மாட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியிருக்காது. பிற்பாடு சென்னைக்குப் போய்த் திருவல்லிக்கேணியில் சொந்தமாக வீடு அமைந்தபோது ஐயர் அதற்கு வைத்த பெயர் 'தியாகராச விலாசம்'. குலதெய்வத்தின் பெயரை வைத்திருக்கலாம், தகப்பனார் பெயரை வைத்திருக்கலாம். வேலை வாங்கிக் கொடுத்தவர் பெயரை வைத்தார். தினமும் கடிதத்தில் முகவரி எழுதும்போதெல்லாம் அந்தப் பெயரை எழுத வேண்டியிருக்கும். வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். அது நம்முடைய நன்றியின் லட்சணம், ஐயருடையது இல்லை.

எனக்கு ஐயரிடம் இதைவிடப் பிடித்தது அவர் முகவுரைகள். ஏடு கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று ஒன்று விடாமல் எழுதுவார். சிந்தாமணியில் சமண சமயச் செய்தி புரியாமல் தவித்தபோது கும்பகோணத்துச் சமணர் வீட்டுப் படியேறிக் கேட்டுக்கொண்டதை, தமக்குச் சொல்லிக் கொடுத்த சந்திரநாத செட்டியாரை, ஒளிக்காமல் சொல்வார். சைவ மடத்தில் வளர்ந்த ஒருவர் அந்தக் காலத்தில் அதைச் சொல்வது சாதாரணமில்லை. ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். அவர் வரலாற்றை இரண்டு பாகமாக ஐயர் வெளியிட்டது 1933, 34-இல். எண்பதை நெருங்கிய கிழவர், ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, அந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதுகிறார்.

இருந்தாலும் என் மூன்றாவது கேள்வியை ஐயர் கதையிலும் கேட்டுப் பார்க்கிறேன். செட்டியார் கொடுத்தார், சரி. எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார்? திருவாவடுதுறை மடத்திலிருந்து. பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட மாணவரை, மனசில்லாமல், ஆனாலும் நல்ல சொல் சொல்லி அனுப்பி வைத்தவர் சுப்பிரமணிய தேசிகர். நஷ்டம் அவருடையது. ஏடு கொடுத்தவர்களுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓலை தானாக இருக்காது. பூச்சி அரிக்கும், ஒடியும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் படி எடுத்திருந்தால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வந்து சேர்ந்திருக்கும். பரணை ஒழித்துப் போட்ட போகிகளிலும், ஏட்டை ஆற்றில் விட்ட ஆடிப்பெருக்குகளிலும், 'இது கிடக்கட்டும்' என்று ஒரு கட்டை ஒதுக்கி வைத்த கை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கும்.

தை பிறந்தால் சூரியனுக்குப் பொங்கல், மறுநாள் மாட்டுக்கு. உலகத்தில் மாட்டுக்கு நன்றி சொல்கிற சாதி நாம் என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கலாம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் டெல்டாக்காரனாக எனக்கு அந்த இடத்தில் நாக்கு கொஞ்சம் தடுக்கும். களத்தில் நெல்லை அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவல்காரர் ஆகியோருக்கு அளந்த பங்குக்குப் பழைய கிராமக் கணக்கில் 'சுதந்திரம்' என்று பெயர். வேடிக்கையான பெயர். வாங்கியவருக்கு அந்தச் சுதந்திரத்தில் பேரம் பேசும் சுதந்திரம் கிடையாது. அளப்பவர் மனம்போல அளப்பார். வாங்குபவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்க வேண்டும். கூலியாகக் கொடுக்க வேண்டியதைப் பெருந்தன்மையாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு இரட்டை லாபம். நெல்லும் மிச்சம், நன்றியும் வரவு.

இந்த வாரம் அந்த நாள் வந்து போனது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. அன்றைக்கு அதுவும் தஞ்சாவூர் ஜில்லாதான். கூலியை உயர்த்திக் கேட்டார்கள், சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். ராத்திரியில் தாக்குதல் நடந்தபோது ஒரு குடிசைக்குள் ஒடுங்கிக்கொண்டவர்கள் நாற்பத்துநாலு பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். குடிசையோடு எரித்தார்கள். நடவு நட்டு அறுப்பு அறுத்துக் களம் சேர்த்த குடும்பங்கள் அவை. நாங்கள் அந்த வருஷமும் தையில் பொங்கல் வைத்தோம். எனக்கு அப்போது பதிமூன்று வயது. எங்கள் வீட்டுப் பானையில் இருந்த அரிசி எந்தக் களத்திலிருந்து வந்தது என்று யாரும் பேசவில்லை. வெண்மணி நினைவிடத்தில் அந்த நாற்பத்துநாலு பெயரும் கல்லில் இருக்கின்றன. தஞ்சாவூர்க் கல்லையும் வெண்மணிக் கல்லையும் ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், ஒரு டிசம்பரில். இரண்டிலும் பெயர்கள்தான். பஸ்ஸில் திரும்பும்போது எதையும் யோசிக்க முடியவில்லை.

சமீபத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17. தாமிரபரணிக் கரையில் பேய் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. மேற்கொண்டு போகும் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. உள்ளே சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிப் பேர் நிலையத்திலேயே. 19-ஆம் தேதிதான் அங்கிருந்து வெளியே கொண்டுவர முடிந்தது.

அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்திலிருக்கும் புதுக்குடி ஊர். கோவிலில் வைத்துச் சமைத்தார்கள். நினைத்துப் பாருங்கள், அதே மழை புதுக்குடியிலும்தான் பெய்தது. வெள்ளத்தில் இருப்பவர்கள் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சமைக்கிறார்கள். கடை கிடையாது, பாதை கிடையாது. பானையில் இருந்த அரிசிதான் உலைக்குப் போக வேண்டும். மறுநாளைக்கு வைத்திருந்த அரிசி. அந்தச் செய்தியைப் படித்தபோது, எண்ணூறு என்ற எண் மனதில் நின்றது, 95 என்ற எண் நின்றது. அரிசியை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு அன்று என்ன வைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அப்பாவின் நோட்டுக்குத் திரும்புகிறேன். அவர் போன பிறகு பரணிலிருந்து அதை இறக்கினோம். அநேகமாக எல்லாத் தொகையிலும் கோடு விழுந்திருந்தது. 1972 ஜூன் தேதியிட்ட ஒரு வரி: பாத்திரக் கடைக்காரர் ஒருவர் பெயர், ரூபாய் 180, பக்கத்தில் 'பையன் பி.யூ.சி.' என்று. பையன் நான். கல்லூரிக் கட்டணமும் விடுதிக்கு முன்பணமும் அது. தொகையின் மேல் கோடு இருந்தது. அப்பா இரண்டு வருஷத்தில் அடைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அந்தக் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றியது. கடை இல்லை. அவரும் இல்லை. மகள் ஒருவர் மட்டும் ஊருக்குள்ளேயே இருந்தார், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பழம், பூ, ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன். மேடையில் பேசிப் பழகிய வாய் அல்லவா, அவருடைய அப்பாவைப் பற்றி நன்றாகவே பேசினேன். அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். பிறகு சொன்னார்:

"ஆமா சார், எங்கப்பா ஊருக்கெல்லாம் குடுப்பாரு. எங்கம்மா தோட்டை அடகு வெச்சுக் குடுப்பாரு. நான் எட்டாவதோட நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்கிற குரலில் சொன்னார். நான் கொண்டுபோன புடவை டீப்பாயின் மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. அவர் பெயர் எழுதினார், கடனை அடைத்தார். அந்த நூற்றெண்பது ரூபாய் எந்தக் காதிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்று எண்ணிக்கொள்ள எனக்கு ஆசை. மகனுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்றால், தெரிந்தும் வாங்கித்தான் இருப்பார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த நோட்டுல எங்கம்மா பேரு இருக்கா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பிறகு பெயரைக் கேட்டேன். சொன்னார்.

நோட்டு இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது. சணல் இற்றுவிட்டது, புது நூல் கோத்திருக்கிறேன். 1972 ஜூன் வரிக்குக் கீழே அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் அந்த அம்மாளின் பெயரை எழுதினேன். தொகை எழுதுகிற இடத்தில் 'தோடு ஒரு ஜோடி' என்று எழுதியிருக்கிறேன். அதன் மேல் கோடு போடவில்லை.